வேலையில்லாத பட்டன்

“இந்த அக்காவுக்கு இங்கே என்ன வேலை? நீயே சொல்லும்மா.”

முதலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையை நீட்டினார். வெளியே, கம்பெனிக்கு வருகிற மெயிலையெல்லாம் பார்க்கும் ‘மெயில் அக்கா’ காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா எடுத்துக்கலாம் தம்பி, ஒரு அவசரமும் இல்லை... நீ ஏதாவது சாப்பிட்டியா?”

“கேட்டியா? சாப்பாட்டு விசாரணை! இதுக்குத்தான் நான் சம்பளம் குடுக்கறேனா?”

எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் திரையில் ஒரு கோடு இழுத்தாள். திரை முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுப்பதால் ஆபீஸில் அவளுக்கு ‘ஜோசியக்காரி’ என்று பேர்.

அவள் வந்த பிறகுதான் கம்பெனிக்கே நல்ல நேரம். நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடும் தொழில். முன்பெல்லாம் வருகிற மெயிலைப் படித்து, பேர், விலாசம், என்ன வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றாக டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். இப்போது மெயில் வந்து விழுந்ததும் அதுவாகவே ஏறிக்கொள்கிறது. குடோனுக்குத் தகவல், வாடிக்கையாளருக்கு நன்றி மெயில், எல்லாம் தானாக. இதற்காக யாரும் பக்கம் பக்கமாக புரோகிராம் எழுதவில்லை. ஒரு வேலைக்கு ஒரு கட்டம், அது முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

நடுவில் இரண்டே இரண்டு பட்டன். அக்காவின் திரையில், ஏறியது சரிதானா என்று படித்துப் பார்த்து அழுத்த ‘பார்த்தாச்சு’. அது ஜோசியக்காரி வைத்தது. முதலாளியின் திரையிலும் போனிலும் பச்சைப் பசேலென்று ‘அனுமதி’. அது முதலாளி கேட்டு வாங்கியது.

“நான் அழுத்தாம இங்கேருந்து ஒரு கட்டில் நகரக் கூடாது!”

சொன்னபடியே அழுத்துவார். பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தபடி அழுத்துவார். பாதிச் சாப்பாட்டில் இடது கையால் அழுத்துவார். “பேசாம அந்த பட்டனையே கட்டிக்கிட்டிருக்கலாம்” என்று மனைவி முணுமுணுத்தால், “பொறுப்புன்னா சும்மாவா?” என்பார்.

போன மாதம் மச்சான் ஊருக்குப் போனபோது நாலைந்து நாள் சிக்னலே இல்லை. அலறியடித்துக்கொண்டு திரும்பி வந்து, சேர்ந்து கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அழுத்தித் தள்ளினார். ஆச்சரியம், ஒரு வாடிக்கையாளர்கூடச் சத்தம் போடவில்லை.

“நம்ம பேர் அப்படி!” என்று காலை நடையில் நண்பர்களிடம் மார் தட்டிக்கொண்டார்.

இப்போது அவர் கண் அக்காவின் பட்டன் மேல்.

“மிஷின் பார்த்துக்குது. அதுக்கு மேல நான் பார்த்து அனுமதி குடுக்கறேன். நடுவுல எதுக்கு ஒரு ஆள்? இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிடறேன். நீ அந்தக் கட்டத்தை எடுத்துடு.”

“அக்கா யார்கிட்ட பேசறாங்கன்னு தெரியுமா சார்?”

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு மெயில். ‘அப்பா இன்று காலமாகிவிட்டார். கட்டில் இனி தேவைப்படாது.’

“இதுல கட்டில்னு இருக்கறதைப் பார்த்துட்டு மிஷின் புது ஆர்டர்னு ஏத்திடுச்சு. அக்கா தடுக்கலைன்னா, ‘உங்கள் ஆர்டருக்கு மிக்க நன்றி, மீண்டும் வருக’ன்னு அந்தப் பையனுக்குப் பதில் போயிருக்கும்.”

“த்சு... த்சு...”

“இந்த மெயில் வந்த உடனேயே நீங்க அனுமதி அழுத்திட்டீங்க சார்.”

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி சரி, அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடு.”

“எல்லாத்துக்கும் கட்டம் போட முடியாது சார்.”

“மனசு வச்சா முடியும்மா. எங்கிட்ட மறைக்காதே. பாவம் பார்த்துத்தானே அந்த பட்டனை விட்டு வச்சிருக்கே? வேலையே இல்லாத பட்டன்தானே அது?”

அவள் வெளியே அக்காவைப் பார்த்தாள்.

“வேலையே இல்லாத பட்டன் ஒண்ணு இருக்கறது உண்மைதான் சார். எந்தக் கோட்டோடயும் சேர்க்கலை. அழுத்தினாலும் ஒண்ணுதான், அழுத்தாட்டியும் ஒண்ணுதான்.”

முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார்.

“எனக்கு அப்பவே தெரியும்! நாள் பூரா சும்மா உட்கார்ந்து அழுத்தறது. அதுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஏசி!”

“எடுத்துடட்டுமா சார்?”

“இதை வேற கேட்கணுமா? இந்த நிமிஷமே எடு. வெட்டியா ஒரு பட்டன் என் ஆபீஸ்ல இருக்கக் கூடாது.”

அவள் ஒரு கட்டத்தைத் தொட்டாள். அழித்தாள்.

வெளியே அக்கா போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மெயிலைப் படித்து ‘பார்த்தாச்சு’ அழுத்தினாள். குடோன் பக்கம் டிங் என்று மணி அடித்தது.

முதலாளியின் திரைதான் என்னவோபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். பச்சையையே காணோம்.

“ஏம்மா... என் பட்டன்?”

“அதுக்கு வர்ற கோட்டை முதல் வாரமே எடுத்துட்டேன் சார். நீங்க அழுத்தற வரைக்கும் நோயாளிங்க தரையில படுத்திருந்தாங்க. பட்டனையும் எடுத்துடறேன்னுதான் சொன்னேன். ‘வேண்டாம்டி, பாவம், அவருக்கும் ஆபீஸ்ல ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும்’னு அக்காதான் விடலை.”