இரைச்சல் நின்ற கடை

மெஹருன்னிசாவின் டைப்பிங் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் மாவு மில் போல இரைந்தது. பக்கத்து மேசையில் இருக்கும் கணவர் அப்பாஸிடம்கூட அவள் கத்தித்தான் பேச வேண்டும். கடைக்கு வருபவர்கள் இருவருக்கும் தீராத சண்டை என்றே நினைத்தார்கள்.

"இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருவோம்" என்று அப்பாஸும் கத்தினார்.

"இருங்க, ஒரு தடவ தொறந்து பாத்துருவோம்."

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த விசிறி, தூசியைக் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் பொறுமையாகத் தட்டித் துடைத்தாள். கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரியும் செத்துப்போயிருந்தது; அதை மாற்றி, பழையதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவருக்கென்று தனியே வைத்தாள்.

மறுபடி போட்டபோது சத்தமே இல்லை. போச்சு என்று பதறினாள். திரை பளிச்சென்று விழித்தது. அந்த அமைதியில் ஒரு மெல்லிய பாட்டு கேட்டது. அப்பாஸ் தாள்களை அடுக்கியபடி பாடிக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து பாடுறீங்க?"

அவர் சட்டென்று நிறுத்தினார். "இது இரைய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. உனக்குக் கேக்காதுங்கிற தைரியந்தான்."

மெஹருன்னிசா தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.