மூன்றாவது பதில்

"சார், பழைய கம்ப்யூட்டர்லேருந்து லைசென்ஸை விடுவிச்சாச்சு. புதுசுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ரகசியக் கேள்வி இருக்கு" என்றாள் மென்பொருள் நிறுவனத்துப் பெண், ஸ்பீக்கர் போனில்.

வீட்டு வரைபடங்கள் போட்டுக் கொடுப்பவரான அவர், கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"அது எதுக்கும்மா? பில் நம்பர் இருக்கு, இமெயில் இருக்கு..."

"அதெல்லாம் சரியா இருக்கு சார். இதுவும் வேணும். நீங்க முதன்முதலா காதலிச்சவர் பேர் என்ன?"

பழைய கணினியின் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது.

"இப்படியெல்லாமா கேப்பாங்க?"

"பதிவு பண்ணும்போது பட்டியல்லேருந்து தேர்ந்தெடுத்த கேள்விதான் மேடம்."

"ஓ! தேர்ந்தெடுத்ததா?" மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வாயேன்."

"தண்ணி உங்க கைக்குப் பக்கத்துலயே இருக்கு."

இருந்தது. அவர் குடிக்கவில்லை.

"இதுல என்ன யோசனை? என் பேரைச் சொல்லுங்க."

"இல்ல... இது கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது."

"அதனாலென்ன? அப்ப நான் உங்க ஆபீஸ்லதானே டைப்பிஸ்ட்? நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே மனசைப் பறிகொடுத்துட்டேன்னு ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் சொல்றீங்களே, அது என்ன சும்மாவா?"

அவர் மனைவியின் பெயரைச் சொன்னார். விசைகள் தட்டும் ஓசை கேட்டது.

"மன்னிக்கணும் சார். தப்பான பதில். மூணு தடவை தப்பானா கணக்கு பூட்டிக்கும். அப்புறம் எங்களாலயும் திறக்க முடியாது."

இனி பழைய கணினியிலும் மென்பொருள் திறக்காது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் நமக்கே என்ற அந்த உரிமத்தை நிறுவனம் இப்போது யாருக்கும் விற்பதில்லை. எல்லாமே மாத வாடகைதான். பூட்டிக்கொண்டால் பத்தொன்பது வருடத்து வீடுகளும் மாடிப்படிகளும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட வரைபடமும் அதில்தான் இருந்தது.

மனைவியின் கவனம் இதில் எதிலும் இல்லை.

"அந்த நீலக் கண்ணாடிக்காரிதானே? காலேஜ் போட்டோவுல உங்க தோளை இடிச்சுக்கிட்டு நிக்கிறாளே, அவ. சொல்லுங்க, பரவாயில்லை. நான் பெரிய மனசு பண்ணிக்கிறேன்."

"அவ வெறும் கிளாஸ்மேட்."

"வெறும் கிளாஸ்மேட்டுக்கு ஏன் குரல் கம்முது?"

அவர் பெருமூச்சு விட்டு அந்தப் பெயரையும் சொன்னார்.

"தப்பு சார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு."

மனைவியின் முகம் ஒரு நொடி தெளிந்தது. அடுத்த நொடியே முன்பைவிட மோசமாகக் கறுத்தது.

"அப்போ இன்னொருத்தி இருக்கா."

"யாரும் இல்லை."

"யாரும் இல்லாமலா கேள்வியும் பதிலும் கம்ப்யூட்டர்ல போய் உக்காந்திருக்கு? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, நீங்க சொல்வீங்களா?"

"சார், மேடம், நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்" என்றாள் நிறுவனத்துப் பெண். அவள் குரலிலும் சந்தேகம் ஏறியிருந்தது. "இந்த லைசென்ஸ் உங்களோடதுதானே சார்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ கொஞ்ச நேரம் வெளியே இரேன். நீ பக்கத்துல இருந்தா எனக்கு வாய் வரலை."

"வரலையா, வராதா?"

அவள் எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்தினாள். பிறகு சத்தமில்லாமல் ஒரு விரல் அளவு திறந்து, அங்கேயே நின்றாள். பத்தொன்பது வருடம் குடியிருந்த வீட்டில் திடீரென்று ஓர் அறை கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்தவள்போலக் காதைத் தீட்டிக்கொண்டாள். பேர் மட்டும் தெரியட்டும். அப்புறம் இருக்கிறது.

உள்ளே அவர் குரலைத் தாழ்த்தினார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"குடைக்காரர்."

"என்ன சார்?"

"குடை பிடிச்சுக்கிட்டு வருவாங்கல்ல, அந்தக் குடைக்காரர். அப்படித்தான் எழுதியிருக்கும்."

விசைகள் தட்டும் ஓசை மறுபடியும் கேட்டது.

"சரியா இருக்கு சார்! லைசென்ஸ் மாறிடுச்சு. ஏழு வருஷம் முன்னாடி மாத்தும்போதும் இதே பதில்தான் சொல்லியிருக்கீங்க. தெரிஞ்சுக்கிட்டே ஏன் சார் ரெண்டு தடவை தப்பா சொன்னீங்க?"

"பக்கத்துல ஆள் இருந்தாங்கம்மா" என்றார் அவர்.

கதவுக்கு வெளியே அவள் கை கைப்பிடியிலிருந்து நழுவியது.

ஒரு மழைக்காலம் முழுக்க, பேருந்து நிறுத்தத்திலிருந்து அவளுடைய முந்தைய அலுவலக வாசல்வரை அவளைத் தன் குடைக்குள் அழைத்து வந்தவன். பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அவனுக்கு அவளே வைத்த பெயர் அது. யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதலாளியான இவர் வெளியே போயிருந்த ஒரு மதியம், இந்த மென்பொருளுக்கான பதிவுப் படிவத்தை இவருக்காக அவள் நிரப்பும்போது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே தட்டி, பிறகு மறந்தும் போனதைத் தவிர.

அன்று மாலையே அந்தப் படிவத்தை ஒரு பிரதி எடுத்து அவர் மேசைமேல் வைத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டது, அதற்கு ஆறு மாதம் கழித்து.