நீலச் சுவர்

பறவை ஒழுங்காகத்தான் பறந்தது. பின்னால் இருந்த வானம்தான் அசைந்தது.

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

காலையிலிருந்து எடுத்த ஷாட் அது. மெல்லிய கம்பியில் தொங்கும் களிமண் பறவை. சிறகை ஒரு நூல் அளவு நகர்த்துவாள், ஒரு படம் எடுப்பாள். மறுபடி நகர்த்துவாள், மறுபடி ஒரு படம். மதியம்வரை முதுகு ஒடிய நின்றால் திரையில் சில நொடி பறக்கும். வானத்துக்கென்று தனியாகச் செலவு செய்யவில்லை. ஸ்டுடியோவின் பின்சுவருக்கே நீல பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அந்த நீலத்தில், கூரையோரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கேமரா நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அது மேசையோடு சேர்த்து முடுக்கி வைத்த கேமரா. லென்ஸில் தூசியோ என்று துடைத்தாள். பிறகு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றித் தட்டினாள். சின்ன வயதில் தாள்களில் குதிரை வரைந்து, படபடவென்று புரட்டி, தம்பியைச் சிரிக்க வைத்த அதே வித்தை.

முதல் படத்தில் கோடு தலைமுடி போல் இருந்தது. கடைசிப் படத்தில் அதற்குள் விரல் நுழையும்.

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அரை நாளாக எதிரிலேயே நின்றும் கண்ணில் படவில்லை. கண் முழுக்கச் சிறகில் இருந்தது.

தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள்.

மாடியில் தம்பியின் கம்ப்யூட்டர் அனிமேஷன் பிரிவு. அங்கே களிமண்ணும் இல்லை, கம்பியும் இல்லை. உருவங்கள் திரைக்குள்ளேயே பிறந்து திரைக்குள்ளேயே நடக்கும். ஆனால் அவற்றை நடக்க வைக்கும் இயந்திரங்கள் ஒவ்வொன்றும் பீரோ கனம். போன வாரம்தான் இன்னும் சில ஏற்றினார்கள். அவள் எடுக்கும் படங்களும் கடைசியில் அங்கேதான் போகும், படத்தில் தெரியும் கம்பியை அழித்துச் சுத்தம் செய்ய.

கத்த வாயைத் திறந்தாள். சத்தமே சுவரைத் தள்ளிவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். தன் எடையைப் பாதியாக்கிக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

தம்பி ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினான். “என்னக்கா, பறவைக்கு றெக்கை ஒடஞ்சுடுச்சா?”

“எதையும் எடுக்காத. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மெதுவா கீழ எறங்கு. ஏன்னு கேக்காத.”

அவள் முகத்தைப் பார்த்தவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தான்.

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பையை எடுக்கத் திரும்பிய பெண்ணை அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

எதிர் நடைபாதைக்கு வந்த பிறகும் கட்டிடம் சாதுவாக நின்றது. ஒருவன் கொட்டாவி விட்டான். இன்னொருவன் சிரிக்கவே செய்தான். எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல் ஒரு சத்தம். மாடி அப்படியே உள்ளே இறங்கியது. புழுதி தெருவைத் தாண்டி வந்து அவர்களை மூடியது.

இருமல்களுக்கு நடுவே தலைகளை எண்ணினாள். எல்லாரும் இருந்தார்கள்.

“எப்படிக்கா தெரிஞ்சுது?”

நீலச் சுவரில் கண்டதைச் சொன்னாள்.

தம்பி அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். புழுதி அப்பிய முகத்தில் உதடு மட்டும் அசைந்தது.

“அந்த விரிசலா? அது மொதல் ஷாட்லேருந்தே இருந்துதேக்கா. வானத்துல கோடு தெரியக்கூடாதுன்னு, கம்பியோட சேத்து நான்தான் தெனமும் அழிச்சுக்கிட்டிருந்தேன்.”