பின்னால் கட்டிய பெட்டி

அன்று தென்காசிக் களத்தில் இருந்தவர்கள்: களத்துக்காரர் கைலாசம் பிள்ளை, அவர் மகளைப் பெண் கேட்டுக் கடையத்திலிருந்து வந்த குத்தாலிங்கம் பிள்ளை, டிராக்டர் டிரைவர் அந்தோணி, பண்ணையாட்கள் சுடலை, மாடசாமி. சம்பந்தம் அமைந்தால் பந்தல் போட வேண்டிய இடத்தில் ஒரு பாறை கிடந்தது.

“டிராக்டர் முன்வாளியில பாறையைத் தூக்குனா பின்சக்கரம் எந்திரிச்சிரும், அண்ணாச்சி. பின்னால நல்ல கனமா ஏதாவது கட்டணும்,” என்றான் அந்தோணி.

“உங்க வீட்டுல ஒரு பெட்டி நிறைய வெள்ளிப் பாத்திரம் இருக்காமே? அதைக் கட்டுங்களேன்,” என்றார் குத்தாலிங்கம்.

“பரம்பரைப் பெட்டியை வண்டி வாலுலயா?”

“கட்டுனா வெள்ளி தேஞ்சா போயிரும்?”

கைலாசம் மீசையை முறுக்கிக்கொண்டு ஆட்களோடு உள்ளே போனார். சுடலையும் மாடசாமியும் முக்கி முனகிப் பெட்டியைத் தூக்கிவந்து கட்டினார்கள்.

வாளி உயர்ந்தது. பெட்டியோடு பின்சக்கரங்களும் உயர்ந்தன.

ஆட்களிடம் முனகச் சொல்லிவைத்த கைலாசத்துக்கு, டிராக்டரிடம் சொல்லிவைக்க வழியில்லாமல் போயிற்று.

அந்தோணி அவசரமாக வாளியை இறக்கினான். குத்தாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எங்க வீட்டுப் பெட்டியைக் கட்டியிருந்தாலும் இப்படித்தான் எந்திரிச்சிருக்கும். மண்மூட்டையைக் கட்டச் சொல்லுங்க, சம்பந்தி.”

அந்தப் பெட்டி காலி என்று தென்காசியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. உள்ளே ஒரு குடை இருந்தது.