கழற்றி மாட்டிய சைலன்சர்

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் தம்பியிடம் வந்தது. வீட்டுக் கொட்டகையில் வைத்து அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினான் தம்பி. என்ஜின் துண்டு துண்டாக மண்ணெண்ணெயில் ஊறியது. சைலன்சர் பெயிண்டுக்காகச் சுவரில் தொங்கியது. நீள சீட்டை எடுத்துவிட்டு ஒற்றை சீட்டு போடப்போவதாகச் சொன்னபோது அவன் மனைவி முகம் சுளித்தாள்.

“நீள சீட்டே இருக்கட்டுமேங்க.”

“நீ இந்த வண்டியில ஏறுனதே இல்லையே, உனக்கென்ன?”

“எனக்கென்ன, சும்மா சொன்னேன்.”

நேற்று மாலை ஒற்றை சீட்டைப் பொருத்தினான்.

இன்று காலை சைலன்சரை இறக்கக் கை வைத்தவன் அலறிவிட்டான். வெகுதூரம் ஓடி இப்போதுதான் வந்து நின்ற வண்டியுடையதைப் போல அது கொதித்தது. என்ஜின் தட்டில் அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

மனைவி தீக்காய மருந்தோடு நொண்டிக்கொண்டே வந்தாள். டியூப் ஏற்கெனவே பாதி காலியாகியிருந்தது. அவன் உள்ளங்கையில் பொறுமையாகத் தடவிவிட்டாள். மிச்சத்தைப் பிதுக்கி, புடவையை லேசாகத் தூக்கித் தன் கெண்டைக்காலில் பூசினாள். அங்கே புதுக் கொப்புளம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கல்யாணமான புதிதில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டதாக அவள் சொன்ன பழைய தழும்பு. இரண்டும் ஒரே அச்சு.

அவன் அவளையே பார்த்தான். அவள் ஒற்றை சீட்டைப் பார்த்தாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே,” என்றாள். “நீள சீட்டு இருந்திருந்தா மறுபடியும் கால் பட்டிருக்காது.”