பெயர் மாறிய கோப்பு

“இதுல யார் கை வெச்சது?” என்று கேட்டாள் மனைவி, கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“யாரும் வைக்கலையே. காலையில ஆன் பண்ணினேன், வரலை. அவ்வளவுதான்” என்றான் கணவன்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் அவள் தொழில். “ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் ஒரு வேலையா?” என்று போன வாரம் விருந்தாளிகள் முன்னால் அவன் வாயை விட்டிருந்தான். மறுநாளே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இன்று காலை “நீதான் வந்து பார்க்கணும்” என்று போனில் சொன்னதும், வேலைப் பையோடு வந்து நின்றாள். கழற்றி விட்ட செருப்புகூட வெளியே பார்த்துத்தான் கிடந்தது. வேலை முடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்பதுதான் அவன் கவலை.

“ரிஜிஸ்ட்ரி கோப்பைக் காணோம்” என்றாள். “எது எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே அதுதான். அது இல்லேன்னா இது எழுந்திருக்காது.”

“வீடும் அப்படித்தான் கிடக்கு. சர்க்கரை டப்பாவையே இன்னும் கண்டுபிடிக்கலை.”

“கண்ணு முன்னாலயே இருக்கும்.” அவள் சிரிக்கவில்லை.

பென் டிரைவைச் செருகி ஏதேதோ தட்டினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கோப்பு இங்கேயேதான் இருக்கு. பேரை மட்டும் யாரோ மாத்தி வெச்சிருக்காங்க.”

“வைரஸா இருக்கும்.”

“ரொம்ப மரியாதை தெரிஞ்ச வைரஸ்தான். எதையுமே அழிக்கலை பாருங்க.”

அவன் எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

பழைய பெயரையே திரும்ப வைத்தாள். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

“இதெல்லாம் என்னால ஆகிற காரியமா?” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “அன்னைக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசினது அதைவிடத் தப்பு.”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். எழுந்தாள். வாசல் பக்கம் போகாமல் அவள் சமையலறைக்குள் நுழைந்தாள்.

“இதோ இருக்கு உங்க சர்க்கரை! டீ போடறேன், இருங்க.”

அவன் பால்கனிக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டான்.

“உன் யோசனை பலிச்சிருச்சு! நீ அனுப்பினதை வரி பிசகாம அப்படியே செஞ்சேன். நான்தான் கெடுத்தேன்னு உங்க அண்ணிக்குத் துளிகூடச் சந்தேகம் வரலை.”

“என் யோசனையா? எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்க வராது அண்ணா” என்று சிரித்தாள் தங்கை. “எல்லாம் அண்ணி எழுதி அனுப்பினது. ‘உங்க அண்ணன் அவசரக்காரர், கோப்பை அழிச்சுத் தொலைச்சிடப் போறார், பேரை மட்டும் மாத்தச் சொல்லு’ன்னு ரெண்டு தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க!”