உள்ளே போனதா, வெளியே வந்ததா

கண்ணாடிக் கடையில் அப்போது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் அக்கா. கல்லாவுக்குப் பின்னால் அத்தான், கடை அவருடையது. சுவரோரப் பெஞ்சில், ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி, நாணல் குத்தகைக்காரரின் கணக்கர். லென்ஸ் தேய்க்கும் மேசையில் நான், வெள்ளைத் தாளும் பேனாவுமாக.

தாளில் ‘ஐயா அவர்களுக்கு, வணக்கம்’ என்பதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நாளைக் காலை ஏரி நாணலை அறுக்க ஆள் இறங்குகிறது. அதில் பறவை இருக்கிறது என்று நாங்கள் மனு மேல் மனு போட்டதில், குத்தகைக்காரர் கணக்கரை அனுப்பியிருந்தார். என்ன பறவை என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்தால் அறுப்பைத் தள்ளிவைப்பாராம். பெயர் தெரியாத குருவிக்காக லாரியை நிறுத்த முடியாதாம்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்ல முடியாததுதான் எரிச்சல்.

காலையில் படகில் போனோம். நாணல் திட்டு ஒன்றை நெருங்கும்போது, முன்னால் இருந்த அக்காவும் பின்னால் இருந்த அத்தானும் ஒரே நேரத்தில் “அதோ!” என்றார்கள். நடுவில் நான் துடுப்பில் சுற்றிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நாணல் ஆடிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் நான் பார்த்தது.

“தலை கன்னங்கரேல்னு இருந்துச்சு. கழுத்துல வெள்ளைப் பட்டை. இதைக்கூடவா பார்க்கல?” என்றாள் அக்கா.

“கருப்பாவது வெள்ளையாவது! உடம்பு பூரா தவிட்டு நிறம், கோடு கோடா. மாப்ளே, நீ எழுது.”

“எழுதாதடா. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறாரு, இவரு கண்ணை யாரு பார்க்கறது?”

கணக்கர் சிரிப்பை மறைக்க ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடினார்.

பறவை பார்க்கப் போகும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாதாடி, மூவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுதுவோம். ஒரு ‘அதோ’வுக்கு ஒரு பறவை, ஒரு பறவைக்கு ஒரு வரி. இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒன்றை எழுதிக் குட்டையைக் குழப்பிவிடுவார்கள் என்று இதைக் கொண்டுவந்தவனே நான்தான்.

பறவைப் புத்தகத்தை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டியாயிற்று. இருவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு ஜந்து வந்தது.

அத்தான் எழுந்து நின்று, எதிர்ச்சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்துக் காட்டினார்.

“மனப்பாடம்” என்றாள் அக்கா.

கணக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல இரண்டு பேருக்குத் துப்பில்லை. கேட்டு எழுத எனக்குத் துப்பில்லை. நாளைக்கு அந்தத் திட்டு இருக்காது.

“வாயில புழுவோட உள்ளே போச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்” என்றாள் அக்கா.

“வெளியேல்ல பறந்துச்சு! அலகுல ஒண்ணுமே இல்ல. புழுவாம், புழு.”

“அப்போ நான் பார்த்தது என்ன, பேயா?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியும் அவளோடு திரும்பியது.

பேனாவை எடுத்த கையை அப்படியே நிறுத்தினேன்.

“எந்தப் பக்கமா போச்சு?” என்று அத்தானைக் கேட்டேன்.

“வலப்பக்கம்.”

“இடப்பக்கம்” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. விறுவிறுவென்று எழுதினேன். கணக்கர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“பேரு கிடைச்சிடுச்சா சார்?”

“இல்ல.”

‘பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. பார்த்தவை இரண்டு. தலை கறுத்தது ஒன்று, தவிட்டு நிறம் ஒன்று. சோடி என்றே நினைக்கிறோம். ஒன்று இரையோடு உள்ளே போனது. மற்றது வெறும் அலகோடு வெளியே வந்தது. உள்ளே எத்தனை வாய்கள் என்று தெரியாது.’

அத்தான் படித்துவிட்டு, என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டு, தாளை அக்காவிடம் நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மடித்தேன். உறையில் போட்டு ஒட்டினேன்.

கணக்கர் பசை காயக்கூட விடவில்லை. பெயரைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை.

“குடுங்க சார். முதலாளி ஆளுங்களுக்கு முன்பணம் குடுக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்.”

உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை உதைத்தார்.